வழக்கறிஞர் அலுவலகத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது?

(கோலார் தங்கவயலில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



தங்கவயல் தொழிலாளிக்குச் சட்டம் முதலில் அறிமுகமானது கண்காணிப்பாகவும் தண்டனையாகவும்தான். ஜான் டெய்லர் கம்பெனியின் ஆட்சிக் காலத்தில், கைரேகைப் பதிவு முறையை எதிர்த்து 1930-இல் இங்கு மாபெரும் வேலைநிறுத்தம் வெடித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, தொழிலாளர்கள் அதே சட்டத்தின் துணையை நாட வேண்டியதாயிற்று. கர்நாடக உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என வழக்குகள் பல்லாண்டுகள் நீண்டன. வழக்காடும் கட்சிக்காரராக அமரும் பெஞ்சு இம்மக்களுக்கு நன்கு தெரியும். மேசையின் மறுபுறம், வழக்கறிஞரின் நாற்காலியில், இவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்ந்துள்ளனர் என்பதே இன்றைய கேள்வி.

பெருநகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் 'பன்முகத்தன்மை', 'அனைவரையும் உள்ளடக்குதல்' என்று பேசத் தொடங்கியுள்ளன. பேசுவது நல்லதே. ஆனால் தடை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் தடை பணம். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் பதிவுக் கட்டணமாகப் பொதுப்பிரிவினருக்கு 750 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயும் நிர்ணயிக்கிறது. மாநில வழக்கறிஞர் மன்றங்களோ பல்லாயிரம் ரூபாய் வசூலித்தன. ஒடிசாவில் அது 42,000 ரூபாயைத் தாண்டியது. 2024 ஜூலை 30 அன்று உச்சநீதிமன்றம் இக்கூடுதல் வசூலைச் சட்டவிரோதம் என அறிவித்தது.

இரண்டாவது தடை இதனினும் கடுமையானது. இளம் வழக்கறிஞர் மூத்தவரிடம் சில ஆண்டுகள் ஊதியமின்றியோ, பேருந்துச் செலவுக்கே போதாத தொகைக்கோ உழைப்பது 'தொழில் கற்றல்' எனப்படுகிறது. தந்தையின் சொத்து உள்ளவரால் அக்காலத்தைக் கடக்க முடியும். மாரிகுப்பத்தில் ரயிலேறி நாள்தோறும் பெங்களூரு சென்று திரும்பும் குடும்பத்தின் பிள்ளையால் முடியுமா? சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூனில், சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், பிற ஊர்களில் 15,000 ரூபாயும் இளம் வழக்கறிஞர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்றது. இந்திய வழக்கறிஞர் மன்றம் அதே ஆண்டு அக்டோபரில் சுற்றறிக்கை விடுத்தது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே, கட்டாயமில்லை.

மூன்றாவது தடை சாதியும் ஆணாதிக்கமும். கட்சிக்காரர்களும் தொடர்புகளும் உறவு வழியாகவே கைமாறுகின்றன. தனியார் அலுவலகத்தில் இடஒதுக்கீடு இல்லை. நீதிபதிகள் பெரும்பாலும் வழக்கறிஞர்களிலிருந்தே வருவதால், கீழே அடைபட்ட கதவு மேலே எதிரொலிக்கிறது. 2018 முதல் 2022 டிசம்பர் வரை உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் 79 சதவீதம் பொதுப்பிரிவினர். பட்டியல் சாதியினர் 2.8 சதவீதம், பழங்குடியினர் 1.3 சதவீதம் மட்டுமே என ஒன்றிய அரசே தெரிவித்தது. உச்சநீதிமன்றத்தில் முதல் தலித் நீதிபதியாக ஏ.வரதராஜன் அமர 1980 வரையும், முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி அமர 1989 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. உதவித்தொகை சட்டப்படி கட்டாயமாக்கப்பட வேண்டும். சட்ட நிறுவனங்கள் ஆள்சேர்ப்பை வெளிப்படையாக அறிவித்து நடத்த வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கோரும் புகார்க் குழு, பெயரளவில் அல்லாமல், உண்மையில் இயங்க வேண்டும். பேறுகால விடுப்புக்குப் பின் பெண் வழக்கறிஞரின் வழக்குகள் அவரிடமே திரும்ப வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் திருநரும் தடையின்றிப் பணியாற்றும் சூழல் வேண்டும்.

கோரிக்கையோடு கடமையும் உண்டு. தொழிற்சங்க வழக்குகளை நடத்தும் தோழர்களின் அலுவலகங்களே இதில் முன்மாதிரியாக வேண்டும். அங்கே பணிபுரியும் இளையோருக்கு முறையான ஊதியம் தரப்படாவிட்டால், பிறரிடம் அதைக் கேட்கும் தார்மீக உரிமை இல்லை. சட்டக் கல்லூரியில் சேரும் ஒவ்வொரு சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கட்டணம், நூல்கள், ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் வழக்குரைக்கும் பயிற்சி ஆகியவற்றில் கட்சிக் கிளைகள் துணை நிற்க வேண்டும்.

பூமியின் ஆழத்திலிருந்து தங்கம் எடுத்துக் கொடுத்த மக்களின் வாரிசுகள், தங்கள் வழக்கைத் தாங்களே எடுத்துரைக்கும் நாளை உருவாக்குவோம்!