பழைய லாரிக்குப் பெயின்ட்

இருக்கன்குடி, சாத்தூர்ப் பக்கம் பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு இன்றைய தகவல். 8 வயது தாண்டிய லாரி வருடாவருடம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போக வேண்டும். போகுமுன் பெயின்ட். பட்டறையில் விடுவதா, நாமே அடிப்பதா?

கேபினைப் பட்டறைக்கு விடுங்கள். லோடு ஏற்றும் பாடியை நீங்களே அடியுங்கள். பாடியில் கல்லும் பெட்டியும் எப்படியும் உரசும். அதற்கு பிரஷும் எனாமலும் போதும். கேபினுக்கு டிங்கரிங், பட்டி, ஸ்ப்ரே எல்லாம் உண்டு. கைப்பழக்கம் வேண்டும். ஹார்டனர் கலந்த பெயின்டை ஸ்ப்ரே செய்தால் அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். சும்மா துணி கட்டிக்கொண்டு அடிக்கவே அடிக்காதீர்கள்.

யார் அடித்தாலும் முதலில் துருவை எடுக்க வேண்டும். உப்புப் பூத்த சுவரில் வெள்ளையடித்தால் எத்தனை நாள் நிற்கும்? அதே கதைதான். கதவின் அடி விளிம்பைத் தட்டிப் பாருங்கள். பொருபொருவென்று உதிர்கிறதா? தகரம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷால் தேயுங்கள். உப்புத்தாள் போடுங்கள். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டாலும் துரு திரும்பப் பிடிக்கும். துருவை எடுக்காத பெயின்ட் தண்டம்.

நம்ம ஊர் உச்சிவெயிலில் தகரம் கொதிக்கும். பெயின்ட் மேலே காய்ந்து, உள்ளே கொப்புளம் கட்டும். பனி உலர்ந்த காலை நேரம்தான் சரி.

தின்னர் டப்பாவை மூடியே வையுங்கள். பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அன்றைக்குப் பெயின்டைத் தொடாதீர்கள்.