பழுது பார்த்தல்: உப்புக் காற்றில் ஒரு பழைய புல்லட்



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் பழைய மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை ஒரு தமிழ்ச் சொல்லில் இருக்கிறது. கெட்டுப்போன பொருளைச் சரிசெய்வதைச் 'செப்பனிடுதல்' என்றும், 'பழுது நீக்குதல்' என்றும் எழுதலாம். ஆனால் பட்டறையிலும் வீட்டிலும் வழங்குவது 'பழுது பார்த்தல்' என்பதே. பார்த்தல்தான் வேலை, கழற்றுவதும் மாட்டுவதும் அதன்பின் வருபவை. செல்லரித்த ஏட்டுச் சுவடியை விளக்கின்முன் வைத்து, எது புலவன் எழுத்து, எது ஏடெழுதியவன் பிழை என்று பார்த்துக்கொண்டிருந்த பதிப்பாசிரியர்களின் வேலையும் இதுவே. இரண்டையும் ஒரு தட்டில் வைப்பது மிகையென்று சிலருக்குத் தோன்றலாம். வீட்டு முற்றத்தில் ஒரு பழைய புல்லட்டைப் பிரித்துப் பார்த்தவருக்கு அது மிகையாகத் தோன்றாது.

புல்லட்டின் வரலாறே ஒரு சுவடியின் வரலாறு போன்றது. இங்கிலாந்தின் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த வண்டி அது. இந்திய இராணுவத்தின் தேவையை முன்னிட்டு 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சாருடன் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. தொழிற்சாலை திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டார்கள். 1970-க்குள் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோயிற்று. மூல ஏடு அழிந்தது. படியெடுத்த ஏடு தமிழ்நாட்டில் பிழைத்தது. 1977-இல் அந்தப் படி, பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயிற்று. எழுபது மில்லிமீட்டர் விட்டம், தொண்ணூறு மில்லிமீட்டர் ஓட்டம், 346 சி.சி. கொள்ளளவு என்ற அந்த ஒற்றை உருளை எந்திரத்தின் அடிப்படை அரை நூற்றாண்டுக் காலம் பெரிதாக மாறவில்லை. தந்தை வாங்கிய வண்டிக்கு மகன் பாகம் தேடும்போது அது கிடைப்பதற்கு இதுவே காரணம்.

இனி, தூத்துக்குடிக்கு வருவோம். வேறு ஊர்களில் பழைய வண்டிக்குப் பகை வயது. இங்கே பகை உப்பு. வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்திலிருந்து தெற்கே முத்தையாபுரம், முள்ளக்காடு வரை உப்பளங்கள். கொண்டல் கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவரும். கச்சான் வறண்டு வீசிப் புழுதியைக் கிளப்பும். கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமன்றி மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. வெயிலில் நிற்கும் வண்டி காய்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். உப்புப் படிந்த இடமோ ஈரமாகவே இருக்கும். மழையில் நனைந்த வண்டி அரை நாளில் உலர்ந்துவிடும். உப்புப் பூத்த வண்டி ஆண்டு முழுவதும் நனைந்துகொண்டிருக்கிறது.

குரோமியப் பூச்சு இந்தப் பகையிடமிருந்து காக்கும் என்று நம்பி ஏமாந்தவர் பலர். அப்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. குளோரைடு அவற்றின் வழியே இறங்கி, உள்ளிருக்கும் இரும்பைத் தின்னும். மேலே பளபளப்பு இருக்கும். அடியில் துரு பரவிக்கொண்டிருக்கும். ஒருநாள் விரல் நகம் பட்டதும் பூச்சு செதிலாக உரிந்து வரும். ஆரக்கம்பிகளின் முனைகளிலும், சைலன்ஸரின் அடிவளைவிலும், முன்விளக்கின் வளையத்திலும் இதைக் காணலாம்.

இதைவிட மறைவான இடம் ஒன்று உண்டு. எந்திரத்தின் பக்க மூடிகள் அலுமினியத்தால் ஆனவை. அவற்றைப் பிடித்திருக்கும் திருகுகள் எஃகு. இரண்டு உலோகங்களுக்கிடையே உப்பு நீர் புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலம் ஆகிவிடுகிறது. தேய்வது அலுமினியம். அது வெண்பொடியாகி உப்பித் திருகைக் கவ்விக்கொள்ளும். விவரமறியாதவர் திருப்புளியை வைத்து வலுவாகத் திருகுவார். திருகின் தலை மழுங்கிவிடும். பிறகு அடுத்த தெரு லேத்துப் பட்டறைக்குப் போய்த் துளையிட்டு எடுக்க வேண்டியதுதான். பொறுமையுள்ளவர் இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவிடுவார். காலையில் வெந்நீரில் நனைத்த துணியால் மூடியைச் சூடாக்குவார். அலுமினியம் எஃகைவிட மிகுதியாக விரியும். திருகின் தலையில் இரண்டு தட்டு. பிறகு மெல்லத் திருப்பினால் 'கிறீச்'சென்று ஒரு ஒலி. அந்த ஒலி கேட்டபின் வரும் நிம்மதியைக் கட்டளைக் கலித்துறையின் கடைசி அடி சரியாக வந்து விழுந்த கவிஞர் அறிவார். திரும்ப மாட்டும்போது மரையில் சிறிது கிரீஸ் தடவினால் அடுத்த முறை இந்தப் பாடு இல்லை.

மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும். செம்பில் களிம்பு என்ற உவமையைச் சைவ சித்தாந்தம் உயிரையும் ஆணவ மலத்தையும் விளக்க எடுத்தாண்டது. களிம்பு செம்புக்கு வெளியிலிருந்து வந்ததல்ல, உடனாகவே இருப்பது என்பது அதன் கருத்து. வண்டியைப் பொறுத்தவரை அது கடற்காற்றுடன் வந்ததுதான். நல்ல வேளையாக, அதை நீக்கத் திருவருள் வேண்டியதில்லை. நுண்ணிய உப்புத்தாளும் ஒரு துளி வாசலினும் போதும். புல்லட்டில் 'விளக்கு மங்குகிறது, ஹாரன் அடைக்கிறது' என்று தொடங்கும் குறைகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது சட்டகத்துடன் பொருந்தும் எர்த் இணைப்பை. புது பாட்டரி வாங்கியவர்கள் பலர் அந்த ஒரு திருகைத் துடைக்காமலே வாங்கியிருப்பார்கள்.

வண்டியைக் கழுவும் நீரிலும் கவனம் தேவை. இவ்வூரின் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் உவர்நீர். அதைக்கொண்டு கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராயிருந்து 1927-இல் வல்லநாட்டிலிருந்து கொண்டுவந்த தாமிரபரணி நீரின் அருமை இதிலும் தெரியும். குடிக்கும் நீரில் வண்டி கழுவுவதா என்று வீட்டில் எழும் கண்டனமும் நியாயமானதே. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்தபின் எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுப்பது இருதரப்பும் ஏற்கும் உடன்பாடு.

பார்த்தலுக்கு மீள்வோம். ஓர் எடுத்துக்காட்டு. பத்துக் கிலோமீட்டர் நன்றாக ஓடிய வண்டி, மெல்ல இருமி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் எழுகிறது. மீண்டும் பத்துக் கிலோமீட்டரில் நிற்கிறது. அவசரக்காரர் கார்புரேட்டரைக் கழற்றுவார். பெட்ரோல் மூடியைத் திறந்து பார்ப்பவர் அனுபவசாலி. திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு வண்டி உடனே எழுந்தால், மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது என்பது பொருள். தொட்டியில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்கவில்லை. ஓர் ஊசி போதும். மூடியைத் திறந்தும் எழாவிட்டால், பாயிண்ட்டின் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எந்திரம் சுற்றும்போது பாயிண்ட் முனைகளுக்கிடையே பெரிய பொறி சிதறினால் குற்றவாளி கண்டென்சர். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிடும் இயல்புடையது அது. நோய் ஒன்றுதான், காரணம் இரண்டு, இரண்டும் கார்புரேட்டரில் இல்லை. கழற்றத் தேவையில்லாத ஒன்றைக் கழற்றியதனால் புதிதாக உண்டான குறைகளே பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் என்று அனுபவமுள்ள மேஸ்திரிகள் சொல்வார்கள். ('மேஸ்திரி' என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, 'சாவி'யும் அப்படியே. முத்துக்குளித்துறைக்கு அவர்கள் பூட்டை மட்டும் கொண்டுவரவில்லை.)

பாயிண்ட் இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது பங்கு. டேப்பட் வைப்பதற்கு அந்த அளவுக் கருவியும் வேண்டாம். எந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராடு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. இந்த 'சுழல வேண்டும், ஆடக்கூடாது' என்பதை எந்தப் புத்தகத்தாலும் விரலுக்குக் கற்பிக்க முடியாது. கழற்றிய திருகுகளை ஒரே டப்பாவில் போடுவது பெரும்பிழை. மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளையில் செருகி வைப்பது நல்லது. அவற்றின் நீளங்கள் வெவ்வேறு. ஒரு காலத்தில் இக்கரையில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் அளவு பிரித்தார்கள். 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடக்கவில்லையாயினும், பிரித்து வைக்கும் பழக்கம் பழுதுபார்ப்பவருக்கு இன்றும் உதவும்.

பழுது பார்ப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு. பதிப்புலகின் சொல்லால் சொன்னால், இரண்டாவது இடைச்செருகல். உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைக்காத இடங்களைத் தாம் பாடி நிரப்பவில்லை. 267, 268 ஆகிய எண்கள் இன்றும் பாட்டின்றியே நிற்கின்றன. பாட்டுப் பாட வல்லவர்தாம் அவர். இருந்தும் கை வைக்கவில்லை. பழைய புல்லட்டுக்கு நீண்ட கைப்பிடியும், அகன்ற சக்கரமும், காதைப் பிளக்கும் சைலன்ஸரும் மாட்டுவோர் அந்தக் கூச்சத்தை அறியாதவர்கள். சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆயினும் 'ஒன்றையும் மாற்றாதே' என்பதும் முழு உண்மையன்று. டீசல் விலை மலிவாயிருந்த காலத்தில் நீரிறைக்கும் எந்திரங்களைப் புல்லட்டின் சட்டகத்தில் ஏற்றியவர்கள் வடநாட்டில் இருந்தார்கள். பிறகு என்பீல்டு நிறுவனமே 'டாரஸ்' என்ற பெயரில் 325 சி.சி. டீசல் மோட்டார் சைக்கிளை விற்றது. ஆறரைக் குதிரைத் திறன்தான்; ஆனால் ஒரு லிட்டரில் அது போன தொலைவுக்கு எந்தப் பெட்ரோல் புல்லட்டும் ஈடுகொடுக்கவில்லை. அதன் அதிர்வில் திருகுகள் தாமே கழன்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்று மாற்றியே தீரவேண்டிய ஓர் இடமும் வந்திருக்கிறது. 2023-இல் விற்பனைக்கு வந்து 2025-க்குள் நாடெங்கும் பரவிய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் வளையங்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதும், வெடிக்கும். மேலும் எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. இவ்வூர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் தொட்டியடியில் நீர் சேர்ந்து, உள்ளிருந்தே துரு தொடங்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் வளையங்களையும் மாற்றுவது, நிற்கப்போகும் வண்டியின் கார்புரேட்டர்க் கிண்ணத்தை வடித்து வைப்பது ஆகிய இரண்டும் மூலத்தைக் காக்கச் செய்யும் திருத்தங்கள். பாடத்தைக் காக்க எழுத்தைத் திருத்துவது பதிப்பாசிரியரும் செய்ததே.

பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாயிற்று. தந்தையின் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதா, வைத்திருப்பதா என்ற பேச்சு பெரும்பாலும் அந்தப் படிவத்தின் முன்னால்தான் எழுகிறது. பாயிண்ட்டை வைக்கத் தெரிந்த மேஸ்திரிகள் குறைந்து வருகிறார்கள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிந்திய புது வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரே இல்லை. குறையைக் கணினி படித்துச் சொல்கிறது. தொழில் கற்க வரும் இளைஞனுக்குப் பழையதைக் கற்க வேண்டிய தேவை இல்லை. அவனைக் குறை சொல்லவும் இடமில்லை. வீட்டில் ஒருவர் கற்றுக்கொண்டால் அந்த ஒரு வண்டியேனும் ஓடும்.

கவிஞர்கள் காதில் போட்டுக்கொள்ளத்தக்க சொற்கள் சில அந்த முற்றத்தில் கிடைக்கின்றன: மரை, புரி, ஆரக்கால், அரம், குறடு, கடைசல், நெம்புதல், முறுக்கேற்றுதல். 'மரை கழன்றவன்' என்று ஏசத் தெரிந்த பலருக்கு மரை எதுவென்று காட்டத் தெரியாது.

எல்லாம் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பி, உதைப்பானை மெல்ல அழுத்த வேண்டும். விளக்கின் மேலுள்ள அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். காலில் தடை உணரப்படும்போது முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். டீகம்ப்ரஸர் நெம்பை அழுத்திக்கொண்டு உதைப்பானைச் சற்றே கீழே இறக்கி, நெம்பை விட்டு, உதைப்பானை மேலே வரவிட்டு, பிறகு ஒரே உதை. முதல் உதையில் எழவில்லையென்றால் வலுவைக் கூட்டுவதில் பயனில்லை. மறுபடியும் முள்ளைப் பார்த்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.