எந்த எடிட்டர்ல கோடு எழுதலாம்?

செங்கல்பட்டுல வார இறுதியில வெப் புரோகிராமிங் சொல்லித் தர்றேன். திருக்கழுக்குன்றம், கல்பாக்கம், மாமல்லபுரம் பக்கத்துல இருந்தெல்லாம் பசங்க வர்றாங்க. முதல் நாளே எல்லாரும் கேக்குற கேள்வி: "அண்ணா, எந்த ஐடிஇ போடணும்?" நான் திருப்பிக் கேக்குறது: "உங்க லேப்டாப்ல ரேம் எவ்வளவு?"

சும்மா கேக்கல. தமிழ்நாடு அரசோட விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ல தொடங்குச்சு. அக்கா வாங்கினது, அண்ணன் வாங்கினதுன்னு இன்னைக்கும் அந்த லேப்டாப்புகள்ல படிக்கிறவங்க இருக்காங்க. 2 ஜிபி, 4 ஜிபி ரேம்தான் இருக்கும். அதுல யூடியூப்ல யாரோ சொன்ன பெரிய ஐடிஇயைப் போட்டுட்டு, ஒரு எழுத்து தட்டினா ரெண்டு செகண்ட் கழிச்சு வருது. மெஷின் திணறுது. ஆனா பிள்ளைங்க அதை எப்படி எடுத்துக்கிறாங்க? "எனக்குக் கோடிங் வராது போல." படிப்பையே விட்டுடுற அளவுக்கு இது போகும். அதனாலதான் இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு முழுப் பகுதி.

முதல்ல வித்தியாசத்தைப் பார்த்துடுவோம். எடிட்டர்னா கோடு எழுதுற இடம். ஐடிஇன்னா எழுதுறது, ஓட்டிப் பார்க்குறது, பிழை தேடுறது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. வெப்ஸ்டார்ம், நெட்பீன்ஸ் எல்லாம் முழு ஐடிஇ. விஎஸ் கோட் அடிப்படையில எடிட்டர்தான். எக்ஸ்டென்ஷன் சேர்க்கச் சேர்க்க ஐடிஇ மாதிரி ஆகுது.

விஎஸ் கோடை மைக்ரோசாஃப்ட் 2015ல வெளியிட்டாங்க. அது எலக்ட்ரான்ங்கிற அமைப்பு மேல ஓடுது. அதாவது, உள்ளுக்குள்ள ஒரு குரோமியம் பிரவுசரே இருக்கு. நீங்க வெளியில குரோமைத் திறந்து பத்து டேபும் வச்சிருந்தா, ரெண்டு பிரவுசர் ஒரே ரேமுக்குச் சண்டை போடுது. 8 ஜிபி இருந்தா தாராளமா போடுங்க. 4 ஜிபின்னா எக்ஸ்டென்ஷனை நாலஞ்சோட நிறுத்திக்கோங்க. 2 ஜிபின்னா ஜீனி, கேட் மாதிரி இலகுவான எடிட்டர் போதும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கத்துக்க அதுக்கு மேல எதுவும் தேவையில்ல. பிழை தேடுற கருவி பிரவுசருக்குள்ளயே இருக்கு, எஃப்12 தட்டுங்க.

வெப்ஸ்டார்ம் எப்படின்னு சிலர் கேக்குறாங்க. 2024 அக்டோபர்ல இருந்து வணிகம் சாராத பயன்பாட்டுக்கு அது இலவசம். நல்ல கருவிதான். ஆனா 8 ஜிபிக்குக் கீழ நிம்மதியா ஓடாது. காசு வாங்கிட்டு ஒருத்தருக்கு சைட் பண்ணிக் கொடுத்தா அது வணிகம், அப்போ இலவச உரிமம் செல்லாது. இதையும் மனசுல வச்சுக்கோங்க.

ரெண்டாவது சோதனை, தமிழ். எங்க வகுப்புல பயிற்சிக்கு ஒரு சைட் பண்ணுவோம்: மாமல்லபுரத்துல ஒரு சிற்பக்கூடத்துக்கான பக்கம், தமிழ்லயும் ஆங்கிலத்துலயும். கோடுக்கு நடுவுல 'கொற்றவை', 'சோமாஸ்கந்தர்'னு எழுதும்போது எடிட்டரோட லட்சணம் தெரிஞ்சிடும். சில டெர்மினல்கள்ல கொம்பு தனியா, எழுத்து தனியா நிக்கும். கர்சர் ஓர் இடத்துல தெரியும், எழுத்து வேற இடத்துல விழும். காரணம் இருக்கு. கோடு எழுதுற ஃபான்ட்ல எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். தமிழ் அந்தக் கட்டத்துக்குள்ள அடங்காது. அதோட, 'தமிழ்' நமக்கு மூணு எழுத்து, யூனிகோட் கணக்குல அஞ்சு. அதனால எதை இன்ஸ்டால் பண்ணாலும் முதல்ல பத்து வரி தமிழ் எழுதி, நடுவுல அழிச்சு, தேடிப் பாருங்க. செட்டிங்ல கோடு ஃபான்ட்டுக்கு அடுத்ததா ஒரு தமிழ் ஃபான்ட் பேரையும் சேர்த்துட்டா பாதிப் பிரச்சினை தீரும்.

மூணாவதுதான் நான் ரொம்ப அழுத்திச் சொல்றது. எடிட்டர் செத்துப் போகும். அடோபியோட பிராக்கெட்ஸ் ஒரு காலத்துல வெப் டிசைன் படிக்கிறவங்க நிறைய பேர் வச்சிருந்தது. 2021 செப்டம்பரோட அடோபி கைவிட்டாங்க. கிட்ஹப்போட ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பர் 15ல முடிஞ்சுது. இத்தனைக்கும் எலக்ட்ரானே முதல்ல ஆட்டத்துக்காக உருவானதுதான்! அதனால உங்க வேலையை எடிட்டருக்குள்ள பூட்டி வைக்காதீங்க. டேபா ஸ்பேஸாங்கிறதை எடிட்டர்கான்ஃபிக் ஃபைல்ல எழுதுங்க. கோடை ஒழுங்குபடுத்த பிரிட்டியர், பிழை சொல்ல இஎஸ்லின்ட் ரெண்டையும் புராஜெக்ட்டுக்குள்ளயே நிறுவுங்க. சைட்டை ஓட்டுற கட்டளை டெர்மினல்ல அடிச்சாலே ஓடணும். எல்லாத்தையும் கிட்ல போடுங்க. அப்புறம் எந்த எடிட்டர் போனா என்ன?

"சரிண்ணா, ஆனா விஎஸ் கோட்ல வர்ற ஆட்டோ கம்ப்ளீட் வேற எதுல வரும்?"னு கேப்பீங்க. வரும். 2016ல லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்னு ஒரு பொது நெறி வந்துச்சு. மொழியைப் புரிஞ்சுக்கிற நிரல் தனி, எடிட்டர் தனி. ரெண்டும் பேசிக்க ஒரு ஒப்பந்தம். அதே நிரலை நியோவிம், ஈமேக்ஸ், கேட் எல்லாமே பயன்படுத்தலாம்.

உரிமம் பத்தியும் ஒரு வார்த்தை. விஎஸ் கோடோட மூலநிரல் எம்ஐடி உரிமத்துல திறந்திருக்கு. ஆனா மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து இறக்குற தொகுப்புக்கு உரிமம் வேற. பயன்பாட்டுத் தகவலையும் அனுப்பும். செட்டிங்ல டெலிமெட்ரின்னு தேடி அணைச்சிடலாம். அதுவும் வேண்டாம்னா விஎஸ்கோடியம் இருக்கு: அதே நிரல், கட்டற்ற உரிமம். எக்ஸ்டென்ஷன் மட்டும் ஓப்பன் விஎஸ்எக்ஸ்ங்கிற வேற களஞ்சியத்துல இருந்து வரும், ஒண்ணு ரெண்டு கிடைக்காம போகலாம்.

பெத்தவங்க கேக்குறது வேற: "இதைப் படிச்சா சிறுசேரியில, மகேந்திரா சிட்டியில வேலை கிடைக்குமா தம்பி?" கூடுவாஞ்சேரி பக்கத்துல வளாகம் வச்சிருக்கிற சோஹோ, பல வருஷமாவே பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்சவங்களை எடுத்துப் பயிற்சி கொடுக்குறாங்க. அங்கயோ வேற எங்கயோ, உள்ள போனா அவங்க எடிட்டரை ரெண்டு வாரத்துல பழகிக்கலாம். பட்டனுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாம போனாதான் கஷ்டம். பட்டன் அமுக்காம டெர்மினல்ல ஒரு சைட்டை ஓட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு எந்த எடிட்டரும் புதுசு இல்ல.

ஆக, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. உங்க புராஜெக்ட் ஃபோல்டரை இதுவரைக்கும் தொடாத ஒரு எடிட்டர்ல திறங்க. டெர்மினல்ல இருந்து ஓட்டுங்க. ஓடுச்சுன்னா, உங்களுக்குப் பிடிச்ச எடிட்டர் எதுவோ அதையே வச்சுக்கோங்க. ஓடலைன்னா, எது எடிட்டருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சு வெளியில எடுங்க. தமிழ்லயே சந்தேகம் கேக்கணும்னா காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவோட சந்திப்புகள்ல கலந்துக்கலாம், கணியம் தளத்துல கட்டுரைகள் படிக்கலாம்.

அடுத்த பகுதியில கிட் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும், உங்க லேப்டாப் பழசா இருந்தா வெட்கப்படாதீங்க. ரேம் எவ்வளவுன்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.