சுறாவின் வன்கூடு

வறைக்காகச் சுறாவை அவித்து உதிர்க்கும் நம் தாய்மார் ஒன்றைக் கவனித்திருப்பர். பிற மீன்களிற்போல அதன் தசையினூடே முள் தட்டுப்படுவதில்லை. நடுவே கோத்து நிற்கும் வட்டுகளை மட்டும் எடுத்தெறிந்து விடுகின்றனர். வழக்கில் எலும்பு எனப்படும் அவ்வட்டுகளும் உண்மையில் எலும்பல்ல.

உங்கள் காதுமடலை மடித்துப் பாருங்கள். வளைகின்றது, விட்டவுடன் நிமிர்கின்றது. அதனுள் இருப்பது கசியிழையம். குருத்தெலும்பு என்றும் கூறுவர். சுறாவின் மண்டையோடு முதல் வால்வரை வன்கூடு முழுவதும் கசியிழையத்தாலானது. அது என்பினும் எடை குறைந்தது. காற்றுப்பை இல்லாத சுறா எளிதில் அமிழாதிருக்க, இவ்விலேசான வன்கூடும் எண்ணெய் நிறைந்த ஈரலும் துணைசெய்கின்றன.

அங்ஙனமாயின், மென்மையான தாடை இரையைக் கடிப்பது எவ்வாறு என நீங்கள் வினவலாம். கசியிழையத்தின் மேற்பரப்பிலே கல்சியம் படிந்த நுண்ணிய ஓடுகள், தளத்திற் பதித்த கற்களைப் போல, நெருங்கி அமைந்துள்ளன. உள்ளே வளையுந் தன்மை, வெளியே உறுதி.

என்புடைய நமக்கு என்பு உடலைத் தாங்கும் தூண் மட்டுமன்று. நம் செங்குருதிச் சிறுதுணிக்கைகள் என்பு மச்சையிலே பிறக்கின்றன. மச்சையற்ற சுறாவிலோ மண்ணீரலும் வேறு சில உறுப்புக்களும் குருதியை ஆக்கும் தொழிலைச் செய்கின்றன.

என்பு தோன்றுமுன் இருந்த பழைய அமைப்பே சுறாவினது என அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். மொங்கோலியாவிற் கிடைத்த, ஏறத்தாழ 41 கோடி ஆண்டு பழைமையான மீனொன்றின் மண்டையோட்டினுள் என்பு இருந்ததென 2020 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. சுறாவின் முன்னோர் என்பைப் பெற்றிருந்து பின்னர் இழந்தனர் என்னும் கருத்துக்கு அது வலுவூட்டிற்று. ஆகவே, கசியிழையத்தை வளர்ச்சி குன்றிய என்பெனக் கருதுதல் பொருந்தாது.

இனி, நாம் எறிந்த வட்டுக்கு மீள்வோம். மரத்தின் குறுக்குவெட்டிற் காணும் வளையங்களைப் போல அதிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு. அவற்றை ஆராய்ந்தே சுறாவின் வயதைக் கணிக்கின்றனர். பாகிஸ்தானிற் கிடைத்த திமிங்கிலச் சுறாவொன்று 50 ஆண்டு வாழ்ந்ததென இம்முறையால் அறிந்தனர். பல சுறாவினங்கள் மெல்ல வளர்ந்து, காலந்தாழ்த்திப் பருவமெய்தி, சில குட்டிகளையே ஈனுகின்றன. ஒரு நாளில் வலை அள்ளுவதைக் கடல் மீண்டும் நிரப்பப் பல ஆண்டுகள் செல்லும். அளவறிந்து பிடிப்போமாயின் நம் பேரப்பிள்ளைகளின் கலத்திலும் சுறா வறை இருக்கும்.