காட்டுக்கு நடுவே ஒரு ஸ்டேஷன்

இன்றைக்கு நாம் போகப்போவது தொலைதூரப் பயணம் அல்ல. கோவில்பட்டியில் ரயில் ஏறித் தெற்கே போகிறோம். கடம்பூர் வருவதற்குள் முடிந்துவிடும். ஏறுவதற்கு முன்னால் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. கடித்துக்கொண்டே கேட்கலாம்.

வண்டி நகர்ந்து கொஞ்ச நேரத்தில் ஊர் பின்தங்கிவிடும். மில் கட்டடங்களும் தீப்பெட்டி ஆபீசுகளும் மறைந்து, இரண்டு பக்கமும் கரிசல் விரியும். இங்கே 'காட்டுக்குப் போயிருக்காக' என்றால் வனத்துக்குப் போனதாக நினைத்துவிடாதீர்கள். உழவுக்கோ களையெடுக்கவோ புஞ்சைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். பருத்தி, உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம், மல்லி எல்லாமே மானாவாரிதான். வாய்க்கால் கிடையாது, ஐப்பசி, கார்த்திகை மழைதான் தண்ணீர். நடுநடுவே உடைமரம், வேலிக்கருவை, தனித்து நிற்கும் பனை. கடம்பூரை நெருங்க நெருங்கக் காற்றாலைகளும் கண்ணில் படும்.

இந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை குடித்தால் உப்பும். வெயிலில் காய்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கும். ஈரத்தில் நடந்தால் செருப்பில் அப்பி, எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் கால் கனக்கும். மாட்டுவண்டிச் சக்கரம் இறங்கினால் மீட்பது பெரும்பாடு. தண்டவாளம் போடுகிறவர்களுக்கும் இது சோதனைதான். கரிசலின் மேல் சரளை கொட்டி மேடு கட்டி, அதற்குமேல்தான் ஜல்லியும் தண்டவாளமும். தெருவெல்லாம் சேறாகிவிடும் அடைமழைக் காலத்தில் கால் நனையாமல் டவுனுக்குப் போக இந்த மேடு ஒன்றுதான் வழி என்றிருந்த காலம் உண்டு.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இந்தப் பாதை வந்தது 1876இல். அப்போது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ். 1914இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் இந்தக் கரிசலைக் கடந்துதான் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். தெற்கே போனால் மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அங்கேதான். இன்று அந்த ஜங்ஷனுக்கு வாஞ்சி மணியாச்சி என்றே பெயர்.

நாம் பார்க்க வந்தது அவ்வளவு பெயர்பெற்ற இடத்தை அல்ல. கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவில் குமாரபுரம் என்று மஞ்சள் பலகை ஒன்று வரும். சின்னக் கட்டடம், சுற்றிலும் புஞ்சை. எக்ஸ்பிரஸ் வண்டிகள் இதைச் சட்டை செய்யாமல் ஓடிவிடும்.

ஆள் ஏறாத இடத்தில் ஸ்டேஷன் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நின்றாக வேண்டும். அதற்காகவே இப்படிப்பட்ட காட்டு நடுவிலும் ஸ்டேஷன்கள் வேண்டியிருந்தன. முன்னால் பாதை காலி என்பதற்கு அடையாளமாகப் ஸ்டேஷன்காரர்கள் பிரம்பு வளையத்தில் டோக்கனை வைத்து நீட்டுவார்கள். இன்ஜினில் இருப்பவர்கள் ஓடுகிற வண்டியிலிருந்தே அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள். அது கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. இப்போது இரட்டைப் பாதை, தலைக்குமேல் மின்கம்பி. எந்த வண்டியும் எதிர்வண்டிக்காக இங்கே காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் குமாரபுரம் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர். பக்கத்து இடைசெவலில் 1923இல் பிறந்த கு.அழகிரிசாமி எழுதிய 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்ற சிறுகதைதான் காரணம். அதே ஊர்க்காரர்தான் கி.ராஜநாராயணன். அழகிரிசாமி கதையில் பெரிய சம்பவம் ஒன்றும் கிடையாது. இங்கே யார் வரப்போகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும் ஸ்டேஷனில், பள்ளிக்கூடத்தில் சேருவதற்காகக் கிராமத்துப் பையன்கள் கோவில்பட்டிக்கு ரயில் ஏறுகிறார்கள், அவ்வளவுதான். ரயில்வேக் கணக்கில் அவை நாலைந்து டிக்கெட். அந்தப் பையன்களுக்கோ, புஞ்சையைத் தாண்டி எடுத்துவைக்கும் முதல் அடி. வண்டி ஒதுங்கி நிற்கும் இடத்தில் ஒரு தலைமுறை புறப்பட்டுப் போவதை அழகிரிசாமி பார்த்துவிட்டார்.

நேயர்களே, அடுத்த முறை இந்த வழியில் வந்தால் ஒன்று செய்யுங்கள். கடம்பூர் போளிக்குப் பேர்போன ஊர். அதை வாங்கச் சில்லறை தேடிப் பையைத் துழாவுகிற நேரத்தில்தான் குமாரபுரம் பலகை கடந்துபோகும். சில்லறையைக் கோவில்பட்டியிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.