கஜானா வற்றினாலும் கடல் வற்றாது

இடக்கொச்சியிலிருந்தும் பள்ளுருத்தி, மட்டாஞ்சேரியிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே!

“பென்ஷன் கொடுக்கவே அரசிடம் பணமில்லை, பருவநிலைக்கு எதற்குக் கோடி கோடியாய்?” என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. கடன் வாங்கும் வரம்பை மத்திய அரசு சுருக்கிவிட்டது என்று 2023 டிசம்பரில் கேரள அரசு உச்ச நீதிமன்றப் படியேறியது. மாதம் 1600 ரூபாய் முதியோர் பென்ஷன் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. அதை நம்பி மருந்து வாங்கும் அம்மாவிடம் போய், 2050-க்குள் கேரளம் கார்பன் சமநிலை அடையும் என்று சொன்னால் காதில் ஏறுமா?

ஆனால், அதே அம்மாவின் வீட்டுக்குள் வாருங்கள். விருச்சிக மாதம் பிறந்தால் வேலியேற்றம், அதாவது கடல் ஓதம். ஒரு துளி மழை இல்லாமலே காயலின் உப்புநீர் அடுக்களைக்குள் வருகிறது. கக்கூஸ் பயன்படாமல் போகிறது. சுவர் உப்பேறி உதிர்கிறது. பென்ஷன் பாக்கி என்றாவது கைக்கு வரும். உதிர்ந்த சுவர் திரும்ப வருமா? பென்ஷனையும் பருவநிலையையும் எதிரெதிரே நிறுத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டுமே அந்த ஒரே அம்மாவுக்குச் சேர வேண்டியவை!

தொலைவில் சான்று தேட வேண்டாம். பக்கத்துச் செல்லானத்தைப் பாருங்கள். 2021 மே மாதம் டவ்தே புயலில் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. கொரோனாவில் கஜானா தள்ளாடிய காலம் அது. ஆனாலும் மாநில அரசு 344 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புத்தன்தோடு வரை ஏழு கிலோமீட்டருக்கு மேல் டெட்ராபாட் என்ற கான்கிரீட் கட்டிகளால் சுவர் எழுந்தது. அதன் பின்னால் இருக்கும் வீடுகள் மழைக்காலத்திலும் நிம்மதியாக உறங்குகின்றன. சுவர் எட்டாத வடக்கே, கண்ணமாலியிலும் செறியகடவிலும் கடல் வீட்டுக்குள் ஏறியது. மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். ஒரே கடல், ஒரே பஞ்சாயத்து. வாக்குறுதி எங்கே நின்றதோ, அங்கிருந்து துயரம் தொடங்கியது!

சுவர் மட்டும் போதாது தோழர்களே. கடலைச் சூடாக்கி உயர்த்தும் புகையையும் குறைக்க வேண்டும். அதற்கும் நம் கொச்சியே வழிகாட்டியது. உலகிலேயே முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் விமான நிலையமாக 2015-இல் நெடும்பாசேரி மாறியது. நம் கப்பல் கட்டும் தளம் கட்டிய மின்படகுகளோடு 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ ஓடத் தொடங்கியது. இடையே 2018 பெருவெள்ளம் வந்தது, கொரோனா வந்தது. அன்றே கைவிட்டிருந்தால் இன்று மட்டாஞ்சேரித் துறைக்குப் படகு வந்திருக்குமா?

செலவின் சுமை யார் தோளில் என்று நாம் வாதிடலாம், வாதிடத்தான் வேண்டும். அது ஏழையின் மின்கட்டணத்தில் போய் விழக் கூடாது. ஆனால், வேலையை நிறுத்துவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். இன்று ஒத்திவைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் நாளை நம் வீட்டுச் சுவரிலிருந்து கடல் வசூலிக்கும்.

ஆகவே, வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடி பிடித்து வந்தாலும் சரி, வாசலில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: “பணம் நெருக்கும் ஆண்டில் எந்த வேலையை நிறுத்த மாட்டீர்கள்?” பதிலை எழுதி வாங்குங்கள். ஐந்தாண்டு கழித்து அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாக்களியுங்கள்.