நேர்த்தியும் நமது வாழ்வும்

(குறிஞ்சிப்பிட்டியில் நடந்த தோட்ட நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த காலத்திலும் மனிதர் ஏன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று தேடிப் போகிறார்கள்? படித்தவர்கள் சிலர் இதை அறியாமை என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நமது கற்பிட்டிப் பகுதியையே கொஞ்சம் பார்ப்போம்.

முதற் காரணம் நமது பிழைப்பு. இந்த வருஷம் மழை பொய்த்தால் அடுத்த வருஷம் தேங்காய் குறையும். காய் குறைந்தால் பறிக்கிறவருக்கும் உரிக்கிறவருக்கும் வேலை நாள் குறையும். கடலுக்குப் போனவர் கரை சேருவது காற்றின் கையில். நமது கைக்கு அடங்காத விஷயங்கள் கூடக்கூட, மேலே ஒரு துணை வேணும் என்று மனசு தேடத்தான் செய்யும்.

இரண்டாவது, பட்ட துன்பம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரம் பேர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். வீடு போச்சு, காணி போச்சு. ஐவேளைத் தொழுகை போகவில்லை. குலைந்துபோன நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது அதுதான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த மாதமே நமது வடமேல் மாகாணத்தில் பள்ளிவாசல்களும் முஸ்லிம் மக்களின் வீடு, கடைகளும் தாக்கப்பட்டன. அதன் பிறகும் சனங்கள் பூசைக்கும் தொழுகைக்கும் போவதை விடவில்லை. துக்கத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

மூன்றாவது, மதிப்பு. வேலைத்தலத்தில் நாம் செக்ரோலில் ஒரு பெயர். தலவில அன்னம்மாள் பெருநாளில் மரத்தடியில் கூடாரம் அடித்துத் தங்கும்போது, ஏழையும் பணக்காரரும் ஒரே மணலில்தான் இருக்கிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, மற்ற மதத்தவர்களும் அங்கே நேர்த்தி வைத்துப் போறாங்க. உடப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிக்கிறவர்களுக்கும் தணல் ஒன்றுதான்.

ஆகவே நம்பிக்கை நமக்கு வேணும். ஆனால் நலன்புரி வேலையில் நாம் காணும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஒன்று, கடன். நேர்த்திக்கு என்று தோட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவையும் அதில் போட்டுவிடுகிறோம். எந்தச் சமயம் அப்படிக் கேட்டது? தீ மிதிப்பவரிடம் கேட்பது விரதம், பணமல்ல. ஹஜ் கடமை வசதி உள்ளவருக்கே, ஸகாத்தும் அப்படியே. அன்னம்மாளிடம் ஒரு மெழுகுதிரியோடு போனாலும் போதும்.

மற்றது, மருந்து. நேர்த்தி வைத்தாச்சு என்று பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் ஆஸ்பத்திரியில் தந்த குளிசையைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். சுகம் போலத் தெரியும். உள்ளே வியாதி வளரும். பிறகு பாரிசவாதம் வந்தால், சிறுநீரகம் பழுதானால், குடும்பமே படுத்துவிடும். நூலும் கட்டுங்கள், குளிசையும் குடியுங்கள். விரதம் பிடிக்கிறவர்கள், நோன்பு நோற்கிறவர்கள் மருந்து எடுக்கும் நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெருநாள் எப்போது வரும் என்று நமக்கு முன்பே தெரியும். மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கி வைத்தால் அடகுக் கடைக்குப் போகத் தேவையில்லை. பெருநாளுக்குப் போகிறவர் வீட்டு ஆடு மாட்டையும் வயசாளிகளையும் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களது பெருநாளுக்கு இவர்கள் பார்க்கட்டும். அடுத்த கிளினிக் நாளில் கார்டை எடுத்துக்கொண்டு தவறாமல் போங்கள்.